ரத்து செய்த தாளின் மிச்சம்

டவுன் ஹால் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு தெருவில், பாத்திரக் கடைக்கு மேலே முதல் மாடியில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. கீழே நாள் முழுவதும் எவர்சில்வர் குடங்களில் பெயர் வெட்டுகிற சத்தம். மேலே ஏ.சி. அறையில் ஒரு கம்ப்யூட்டர், உள்ளும் வெளியுமாக நான்கு டெர்மினல்கள், வெளி அறையில் ஒரே ஒரு பிரிண்டர். பகலில் இரண்டு மில்களின் சம்பளப் பட்டியலும், ஒரு டாக்டருடைய ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் ரிப்போர்ட்டுகளும் ஓடும். மாலையில் வெளி அறையில் ஜாதகக் கவுண்டர் திறக்கும். படிக்கட்டுக்குக் கீழே 'கம்ப்யூட்டர் ஜாதகம், திருமணப் பொருத்தம்' என்று மஞ்சள் போர்டு மாட்டியிருக்கும். அலுவலகத்துக்கு வாடகை கட்டியது அந்தக் கவுண்டர்தான் என்பதை ஒப்புக்கொள்ள எனக்குப் பல மாதங்கள் ஆயின.

நாங்கள் நான்கு பேர். முதலாளி. சம்பளப் பட்டியலுக்கு புரோகிராம் எழுதுகிற ஒருவர். அருப்புக்கோட்டைக்காரர், என்னைவிடச் சற்று மூத்தவர். ஜாதகக் கவுண்டரில் விவரங்களை அடித்துத் தாளைக் கிழித்துக் கொடுக்கிற பெண். செல்லூரிலிருந்து வருவாள், அவள் வீட்டில் மாதச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் அவள். பிறகு நான். என்ஜினீயரிங் முடித்துவிட்டு, திருநகரிலிருந்து தினமும் பஸ் பிடித்து, மெஷினின் உள் வேலைகளைப் பார்ப்பதற்காக வந்தவள்.

நான் சேர்ந்த சில மாதங்களில் பழைய பிரிண்டர் உயிரை விட்டது. முதலாளி வேறொரு கம்பெனியின் பிரிண்டரை மலிவாக வாங்கி வந்தார். மெஷினுக்கு அது புரியவில்லை. மெஷினுக்கும் பிரிண்டருக்கும் நடுவில் நின்று பேச ஒரு சின்ன புரோகிராம் வேண்டும். அதற்கு டிரைவர் என்று பெயர். அதை நான் எழுதினேன். மதுரையில் அப்போது அந்த வேலையைச் செய்யத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

டிரைவர் செய்கிற வேலை இதுதான். யாராவது அச்சடிக்கக் கேட்டால், மெஷினின் நினைவகத்தில் ஒரு பக்கம் கொள்ளுகிற அளவுக்கு ஒரு பெட்டியை அது எடுத்துக்கொள்ளும். வருகிற வரிகளை அந்தப் பெட்டியில் மேலிருந்து கீழாக நிரப்பும். பக்கம் முடிந்ததும் பெட்டியில் இருப்பதை அப்படியே பிரிண்டருக்குத் தள்ளும். பிறகு பெட்டியைத் துடைத்துவிட்டு அடுத்தவருக்குத் தயாராக வைக்கும். எதையும் வரிசை போட்டு எழுதிப் பார்ப்பது என் வழக்கம். டிரைவரைச் சோதிக்கவும் அப்படி எழுதிவைத்தேன்: திறப்பது, நிரப்புவது, தாள் தீர்ந்தால் காத்திருப்பது, கரண்ட் போனால் மறுபடி தொடங்குவது, முடிப்பது. எல்லாவற்றையும் மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன.

பாதியில் ரத்து செய்வது என் வரிசையில் இல்லை. டிரைவரில் அதற்கு ஒரு வழி வைத்திருந்தேன். ஆனால் அதைச் சோதிக்கவில்லை. சம்பளப் பட்டியலை யாரும் பாதியில் நிறுத்தமாட்டார்கள். ரத்த ரிப்போர்ட்டையும் நிறுத்தமாட்டார்கள். அந்த இரண்டைத்தான் நான் வேலை என்று நினைத்திருந்தேன்.

கவுண்டரில் தினமும் ரத்து நடந்தது. பத்துப் பொருத்தங்களில் ரஜ்ஜு ஒன்பதாவதாக வரும். மற்றவை முன்னே பின்னே இருந்தாலும் சமாளிக்கலாம், ரஜ்ஜு தட்டினால் எந்த வீட்டிலும் மேற்கொண்டு பேசமாட்டார்கள். அந்த வரி திரையில் தெரிகிறபோது பக்கம் இன்னும் முடிந்திருக்காது, தாள் அசைந்திருக்காது. செல்லூர்ப் பெண்ணின் கண் அந்த வரியிலேயே இருக்கும். 'இல்லை' என்று வந்தால் உடனே ரத்துப் பொத்தானை அழுத்திவிடுவாள். "அமையலங்க, வேற பாருங்க" என்று மெதுவாகச் சொல்வாள். காசும் வாங்கமாட்டாள், முதலாளியே அப்படிச் சொல்லிவைத்திருந்தார். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொடுக்கிற தாள் அது. அதில் ஆகாத வார்த்தையை அச்சடித்து ஒருவர் கையில் கொடுக்க அவர்கள் யாருக்கும் மனம் வரவில்லை. பாதியில் நிறுத்துவதற்குப் பதில் அடித்து முடித்துக் கிழித்துப் போட்டால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். "அடிச்சுட்டா வந்துருச்சுல்லக்கா. வராம இருக்கிறதுதானே நல்லது" என்றாள். நான் சிரித்துவிட்டு என் இடத்துக்குப் போய்விட்டேன். அந்தச் சிரிப்பு எப்படிப்பட்ட சிரிப்பு என்று எனக்குத் தெரியும்.

பிரிண்டர் வந்து சில வாரங்கள் போயிருக்கும். பரவை மார்க்கெட்டில் வெங்காயக் கமிஷன் கடை வைத்திருக்கிற ஒருவர் மாடியேறி வந்தார். மகளுடைய ஜாதகத்தை எங்களிடம் அடித்து வாங்கிப் போயிருந்தார். தாளை விரித்து அடிப்பகுதியில் விரலை வைத்தார். எங்கள் பிரிண்டருக்குத் தமிழ் எழுத்து வராது. தமிழ் வார்த்தைகளையே இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிக்கும். அவர் காட்டிய இடத்தில், மகளுடைய ஜாதகம் முடிந்து சிறிது இடைவெளிக்குப் பிறகு, மூன்று நான்கு வரிகள் இருந்தன. யாரோ ஒரு பெண்ணின் நட்சத்திரம். எட்டில் செவ்வாய். ரஜ்ஜு இல்லை.

"எம் மகளுக்குச் செவ்வா கெடையாது தாயி. எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது, நான் பாட்டுக்குக் கொண்டுபோய்க் குடுத்துட்டேன். மாப்பிள்ளை பேங்க்ல இருக்காரு, அவரு படிச்சுப்புட்டாரு. ரெண்டு ஜாதகம் வச்சுருக்கீங்களா, எதை மறைக்கிறீங்கன்னு அந்த வீட்டுக்காரய்ங்க கேக்குறாய்ங்க. நான் என்னத்தச் சொல்ல?"

முதலாளி என்னைப் பார்த்தார். மெஷின் தானாக எதையும் எழுதாது, உள்ளே அடித்ததுதான் வெளியே வரும் என்று சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. அமைதியாக, ஒரு சின்ன வகுப்பு எடுப்பதுபோலச் சொன்னேன். பிரிண்டரையும் டிரைவரையும் முழுதாகச் சோதித்துவிட்டேன் என்றும் சேர்த்துக்கொண்டேன். அதைக் கேட்டதும் எல்லோருடைய பார்வையும் தானாகவே செல்லூர்ப் பெண்ணிடம் போனது.

"நான் இதை அடிக்கலக்கா" என்றாள். முதலாளியிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னாள்.

கவனக்குறைவு எல்லோருக்கும் வருவதுதான் என்று அவளைத் தேற்றினேன். இப்போது நினைத்தால் என்னை மிகவும் கூசச் செய்வது அந்தத் தேறுதல்தான். கமிஷன் கடைக்காரர் அவளைப் பார்த்து, "நெனப்பு எங்கம்மா இருக்கு? ஒரு பிள்ளையோட வாழ்க்கை இது" என்றார். வெளி அறையில் காத்திருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். முதலாளி புதுத் தாள் அடித்துத் தரச் சொன்னார். இன்னொரு முறை இப்படி நடந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டார். அவர் சொன்னால் செய்கிறவர்.

அதற்குப் பிறகு அவள் ஒவ்வொரு எழுத்தையும் ஒற்றை விரலால் அடிக்க ஆரம்பித்தாள். வேகமாக அடிக்கிறவள். கவுண்டரில் கூட்டம் சேர்ந்தது. "என்னம்மா, மெசினுக்கு முட்டு வலியா?" என்று யாரோ கேலி செய்தார்கள். உள்ளே கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதும் டிரைவரைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

இனி சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அருப்புக்கோட்டைக்காரரை எனக்குப் பிடித்திருந்தது. அதற்குக் காரணங்கள் என்று ஒரு வரிசை எழுத என்னால் முடியவில்லை. அதுவே எனக்குப் புதிதாக இருந்தது. அவருடைய அக்கா அவருக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார். ஒருநாள் கவுண்டருக்கு வந்து தம்பியின் பிறந்த விவரங்களைப் பதிந்துவிட்டுப் போயிருந்தார். அது டிஸ்கில் இருந்தது. மெஷினின் பொறுப்பு என்னுடையது என்பதால் அதில் உள்ள எந்தக் கோப்பையும் என்னால் திறக்க முடியும். திறக்கச் சொல்லி என்னிடம் யாரும் கேட்கவில்லை.

ஒரு மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். ஜாதகமெல்லாம் படிக்காதவர்களின் பயம் என்று அதே அறையில் பலமுறை பேசியவள் நான். கவுண்டர் டெர்மினலில் உட்கார்ந்து, அவருடைய கோப்பைத் திறந்து, பக்கத்தில் என் பிறந்த தேதியையும் நேரத்தையும் அடித்தேன். பெயர் கேட்ட இடத்தில் ஒரு புள்ளி வைத்தேன். வரிகள் ஒவ்வொன்றாக வந்தன. தினம் உண்டு. கணம் உண்டு. எட்டு வரை பரவாயில்லை. ஒன்பதாவது வரியில் 'இல்லை' என்று வந்தது.

என் கை தானாகவே ரத்துப் பொத்தானுக்குப் போனது. தாள் அசையவில்லை. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். எதுவும் வெளியே வராததில் எனக்கு ஒரு நிம்மதி. செல்லூர்ப் பெண் சொன்ன அதே நிம்மதி.

அன்று மதியத்துக்கு மேல் வேறு எதுவும் அச்சாகவில்லை. மாலையில் கவுண்டருக்கு முதலில் வந்தவர் பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். பிறந்த குழந்தைக்கு ஜாதகம் கேட்டார். ஒரு ஆளுக்கான ஜாதகம் சின்னது. பக்கத்தில் பாதிக்கு மேல் போகாது. பிரிண்டர் ஓடி நின்றது. அவள் தாளைக் கிழித்து, மூலைகளில் மஞ்சள் தடவி நீட்டினாள். வாத்தியார் நின்ற இடத்திலேயே முழுவதையும் படித்தார்.

"பையன் இங்க மதுரைல பொறந்தான்மா. கீழ அருப்புக்கோட்டைன்னு போட்டிருக்கே?"

முதலாளி அப்போது வெளி அறையில்தான் நின்றுகொண்டிருந்தார். தாளை வாங்கிப் பார்த்தார். சத்தம் போடவில்லை. "சொன்னேனா இல்லையா? பையை எடுத்துட்டுக் கெளம்பும்மா" என்றார்.

நான் கண்ணாடித் தடுப்பைத் தாண்டி வெளியே வந்தேன். தாளின் அடிப்பகுதியைப் பார்த்த உடனேயே எல்லாம் புரிந்துவிட்டது. ரத்து செய்தால் டிரைவர் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கிறது, ஆனால் துடைப்பதில்லை. அடுத்தவருடைய வரிகள் அதே பெட்டியில் மேலிருந்து எழுதப்படுகின்றன. அவருடையது சின்னதாக இருந்தால், ரத்தானவருடைய வரிகள் கீழே அப்படியே கிடக்கின்றன. பக்கம் முடிந்ததும் பெட்டி முழுவதும் பிரிண்டருக்குப் போய்விடுகிறது. வராமல் இருக்கட்டும் என்று யார் யார் நிறுத்தினார்களோ, அவர்களுடையதுதான் முன்பின் தெரியாத ஒருவர் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. பெயர்கள் மேலே இருந்ததால் அழிந்துவிட்டன. ஊர், தேதி, நட்சத்திரம், ரஜ்ஜு எல்லாம் மிஞ்சிவிட்டன.

அவள் டெர்மினலுக்குத் துணி உறை போட்டாள். அது நாளின் கடைசியில் செய்கிற வேலை. பிறகு மேஜைக்கு அடியிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்தாள்.

"டிரைவர்ல தப்பு இருக்கலாம் சார்" என்றேன்.

"நீங்கதானே மேடம் அன்னைக்கு எல்லாம் செக் பண்ணிட்டேன்னீங்க? பாவம் பாக்காதீங்க" என்றார் முதலாளி.

அதற்கு மேல் விளக்க வேண்டுமானால், என்ன ரத்தானது, அது எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டும். நான் நிறுத்திக்கொண்டேன். அந்த இடத்தில் நான் நின்ற நேரம் கொஞ்சமாகத்தான் இருக்கும். ஆனால் நின்றேன். என் தப்பால் அவள் வேலை போகிறது என்று தெரிந்த பிறகும், என் மானத்தை ஒரு பக்கமும் அவள் வேலையை ஒரு பக்கமும் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குள் அருப்புக்கோட்டைக்காரர் தாளை வாங்கியிருந்தார். "இது நான் பொறந்த தேதி" என்றார். "நேரமும் எனக்குள்ளதுதான்."

முதலாளி அவளைத் திரும்பிப் பார்த்தார். இப்போது அவர் பார்வை வேறாக இருந்தது. "இவரு ஜாதகத்தை நீ எதுக்கும்மா எடுத்த?"

அவள் முகம் அப்போது போன போக்கு எனக்கு மறக்காது. தப்பாக அடித்தாள் என்ற பழியைத் தாங்கிக்கொண்டவள், இந்தப் பழிக்கு இல்லை இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். காத்திருந்த அம்மாள் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் குனிந்து ஏதோ சொன்னார்.

"அவ எடுக்கல சார்" என்றேன். "நான் எடுத்தேன். அதுல இருக்கிற பொண்ணு நட்சத்திரம் என்னோடது. மதியம் போட்டுப் பாத்துட்டு ரத்து பண்ணினேன். டிரைவர் அதை அழிக்கல. டிரைவர் நான் எழுதினது."

கீழே குடத்தில் யாருடைய பெயரையோ வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் மட்டும் வந்தது. அருப்புக்கோட்டைக்காரர் தாளை மடிக்கப் போனார். பிறகு, அது தன்னுடைய தாள் இல்லை என்பது நினைவு வந்ததுபோல, விரித்து மேஜைமேல் வைத்தார். வாத்தியார்தான் முதலில் வாய் திறந்தார்.

"அப்ப எம் பையனோடது?"

"அது சரியா இருக்கு சார்" என்றேன்.

"அது போதும்" என்று சொல்லி, கீழ்ப்பகுதியை மட்டும் ஒட்டக் கிழித்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

முதலாளி அவளைப் பார்த்து "ஒக்காரும்மா" என்றார். அவள் உட்காரவில்லை.

"அப்ப அன்னைக்கும் நான் அடிக்கலல்லக்கா?"

"இல்ல."

"நான் சொன்னேன்ல?"

"சொன்ன."

"அதைப் பரவைல வந்து சொல்லுங்க. அவரு அம்புட்டுப் பேரு முன்னாடி கேட்டாரு."

டிரைவரைத் திருத்த இரண்டு வரிகள் போதுமாக இருந்தன. எந்த வழியாக வெளியே போனாலும், முடித்துப் போனாலும் பாதியில் போனாலும், பெட்டியைத் துடைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அன்றே எழுதினேன். அந்த இரண்டு வரிகள் இல்லாத நாட்களில் எத்தனை ரத்துகள் நடந்தன, எவையெல்லாம் எந்தத் தாள்களின் அடியில் போயின என்று கண்டுபிடிக்க வழியில்லை. ரத்த ரிப்போர்ட்டுகளும் சின்னத் தாள்கள்தான். அவற்றின் அடியில் யாருடைய ஜாதக வரியாவது இங்கிலீஷ் எழுத்தில் போயிருந்தால், நோயாளி அதையும் தன் நோய் என்று நினைத்திருப்பாரோ என்னவோ. அந்த டாக்டரிடமும் போய்ச் சொன்னேன். அவர் பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்துப் பார்க்கச் சொல்வதாகச் சொன்னார், கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை அவளும் நானும் பரவைக்கு பஸ் ஏறினோம். ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். மார்க்கெட்டில் லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கமிஷன் கடைக்காரர் மூட்டைகளுக்கு நடுவில் எங்களுக்கு ஸ்டூல் போடச் சொன்னார். நான் உட்காராமலேயே சொன்னேன். இவள் எதையும் தப்பாக அடிக்கவில்லை, மெஷினுக்குள் நான் செய்த வேலையில்தான் தப்பு, வேறு யாருடைய வரிகளோ உங்கள் மகள் தாளில் விழுந்துவிட்டன என்றேன். மூட்டை இறக்குகிறவர்களும் நின்று கேட்டார்கள்.

அவர் அவளைப் பார்த்தார். "ஏத்தா, அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன்ணே. மேடம் மெசினு தப்புப் பண்ணாதுன்னாங்க. நீங்களும் கேட்டீங்கள்ல?"

அவர் வெங்காயத் தோலைக் காலால் ஒதுக்கினார். பிறகு என்னிடம், "சரி தாயி, அந்தச் செவ்வா யாரு வீட்டுப் பிள்ளைக்கு? அதைச் சொல்லுங்க. பேரைச் சொன்னாத்தான் மாப்பிள்ளை வீட்டுல நம்புவாய்ங்க" என்றார்.

டிஸ்கில் பதிந்திருக்கும் பிறந்த விவரங்களில் தேடினால் கண்டுபிடித்துவிடலாம். அந்த நட்சத்திரம், எட்டில் செவ்வாய், அந்த வாரம். எனக்கு அரை மணி நேர வேலை. செல்லூர்ப் பெண் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்ல முடியாதுங்க" என்றேன். "உங்க மகளோடது இல்லைன்னு நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரேன். மாப்பிள்ளை வீட்டுக்கு வரச் சொன்னாலும் வாரேன்."

வரச் சொன்னார். போனேன். பேங்க் மாப்பிள்ளைக்கு டிரைவர் என்றால் என்னவென்று அவர் வீட்டுக் கூடத்தில் நின்று விளக்கினேன். அவருக்குப் பாதி புரிந்தது. அவருடைய அம்மாவுக்கு, ஒரு படித்த பெண் வீடு தேடி வந்து தன் தப்பு என்று சொல்வது மட்டும் புரிந்தது. அந்தக் கல்யாணம் நடந்தது. பத்திரிகை செல்லூர்ப் பெண்ணின் பெயருக்கு மட்டும் வந்தது.

அருப்புக்கோட்டைக்காரர் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் என் மேஜைக்கு வந்து, "அந்த ஜாதக ஃபைலையெல்லாம் யார் யார் தெறக்கலாம் மேடம்?" என்று கேட்டார். கவுண்டரில் செல்லூர்ப் பெண்ணும், உள்ளே நானும் என்றேன்.

"அதுக்கும் ஒரு பூட்டுப் போட்டுருங்க. உங்களையும் சேத்து" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. சம்பளப் பட்டியலில் ஒரு திருத்தம் சொல்வதுபோலத்தான் சொன்னார். போட்டேன். இப்போது கவுண்டர் கோப்புகளுக்கு ஒரு தனிக் கடவுச்சொல் இருக்கிறது. அதை வைத்தவள் அவள். எனக்குத் தெரியாது.

சென்ற மாதம் அவருடைய அக்கா மறுபடி வந்தார். சிவகாசிப் பக்கம் ஒரு பெண் பார்த்திருக்கிறார்களாம். நான் என் இடத்தில் இருந்தேன். கண்ணாடி வழியாகத் தெரிந்தது. செல்லூர்ப் பெண் பழைய வேகத்தில் அடித்தாள். ஒன்பதாவது வரி வருகிற நேரத்தை நானும் மனதுக்குள் கணக்கிட்டேன். அவள் கை ரத்துப் பொத்தானுக்குப் போகவில்லை. பிரிண்டர் ஓடியது.

தாளைக் கிழித்ததும் அவள் மஞ்சளை எடுக்கவில்லை. முதலில் தாளை மேஜைமேல் விரித்து, அடிப்பகுதியை உள்ளங்கையால் நீவி, ஓரம்வரை ஒரு முறை பார்த்தாள். டிரைவரைத் திருத்திய நாளிலிருந்து ஒவ்வொரு தாளையும் அப்படித்தான் பார்க்கிறாள். தேவையில்லை, சரிசெய்துவிட்டேன் என்று தொடக்கத்தில் ஒருமுறை சொன்னேன். "சரிக்கா" என்றாள். அதற்குப் பிறகும் பார்க்கிறாள்.

அன்றும் பார்த்துவிட்டு, எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மஞ்சளைத் தொட்டாள்.